பெயர் இல்லாத கார்கள்: பிரவுசரில் நொறுங்கிய ஒரு வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் வரிசை மாற்றியும் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன விஷயத்தைப் பத்திக் கொஞ்சம் பெருசா பேசப் போறோம்.

பிரவுசர்ல ஒரு டேப் திறந்து கார் கேம் ஆடியிருப்பீங்க. டவுன்லோடு கிடையாது, லாகின் கிடையாது. நாலு ஏரோ கீ, பிரேக்குக்கு ஸ்பேஸ் பார். முதல் ரெண்டு நிமிஷம் ஒழுங்கா ரேஸ் ஓட்டுவோம். அஞ்சாவது நிமிஷம் வண்டியை மலை உச்சிக்குக் கொண்டுபோய் உருட்டி விட்டுட்டு, டோர் கழண்டு விழுதா, பானெட் மடங்குதான்னு பார்த்துட்டு இருப்போம். இதை ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல ஆடினவங்க உண்டு. பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து ஆடினவங்க உண்டு. ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல இப்பவும் ஆடறவங்க உண்டு, பேர் சொல்ல மாட்டேன்.

ஒரு கேள்வி. நீங்க நொறுக்கின அந்தக் காரோட பேர் என்ன? எந்தக் கம்பெனி கார்? பெரும்பாலும் ஞாபகம் வராது. ஏன்னா பேரே இருந்திருக்காது. பார்க்க ஒரு இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும், ஆனா மூக்குல லோகோ இருக்காது.

அந்த லோகோ ஏன் இல்லைங்கறதுல இருந்துதான் இன்னைக்குக் கதை ஆரம்பிக்குது. அந்த கேம்கள்ல பெரும் பகுதி எப்படிக் காணாம போச்சுங்கறதுக்கும் அதே காரணத்துல ஒரு பங்கு இருக்கு.

முதல்ல எதிர்ப்பக்கத்தைப் பார்த்துடலாம். 1997-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு ‘கிரான் டூரிஸ்மோ’ வெளியானது. நிஜ கம்பெனிகளோட நிஜ மாடல்கள், சுமார் 140 கார்கள். டயர் பிடிமானம், எடை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் சாயறது எல்லாத்தையும் அவ்வளவு நுணுக்கமா செஞ்சிருந்தாங்க. ஆனா அந்தக் காரை 200 கிலோமீட்டர் வேகத்துல சுவர்ல மோதினா? டொங்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பெயின்ட் கூட உரியாது. அந்த வரிசையில் கார்கள் கண்ணுக்குத் தெரியும்படி அடிபட ஆரம்பிச்சது 2010-இல் வந்த அஞ்சாவது பாகத்துலதான்.

தொழில்நுட்பம் ஒரு காரணம். லைசென்ஸ் இன்னொரு காரணம். நிஜக் காரை கேம்ல வைக்கணும்னா தயாரிப்பாளரோட அனுமதி வேணும், அனுமதி கொடுக்கிறவங்க நிபந்தனையும் போடுவாங்க. கம்பெனிப் பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க. பாதுகாப்புன்னு சொல்லி விக்கிற காரோட டிரைவர் சீட் அப்பளம் மாதிரி நொறுங்கற காட்சியை, தன்னோட லோகோ போட்டு யார் காட்டச் சொல்வாங்க? எல்லாக் கம்பெனியும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி கறாரா இருந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா பொது விதி இதுதான்: நிஜப் பெயர் உள்ள கார் கொஞ்சமா கீறல் படும், பெயர் இல்லாத கார்தான் முழுசா நொறுங்கும்.

இப்ப 1975-க்குப் போவோம். கலிபோர்னியாவில் எக்ஸிடின்னு ஒரு சின்ன ஆர்கேட் கம்பெனி. அவங்க ‘டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பி’ன்னு ஒரு மெஷின் செஞ்சாங்க. அமெரிக்காவில் அப்போ டெமாலிஷன் டெர்பி பிரபலம். ஊர்ப்புற கண்காட்சி மைதானங்கள்ல பழைய கார்களை இறக்கி, ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டு, கடைசியா எது ஓடுதோ அதுக்குப் பரிசு. நம்ம ஊர் பொருட்காட்சியில மரணக் கிணறு பார்க்கக் கூட்டம் நிக்குமே, அந்த மாதிரி ஈர்ப்புன்னு வெச்சுக்கோங்க. எக்ஸிடி கேம்ல ஸ்டியரிங்கும் பெடலும் இருக்கும், கறுப்பு வெள்ளைத் திரையில குட்டிக் கார்களைத் துரத்தி இடிக்கணும். அந்த கேமை சிகாகோ காயின்ங்கிற இன்னொரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தாங்க, அவங்க அதை ‘டெமாலிஷன் டெர்பி’ன்னு வித்தாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை.

அடுத்த வருஷம், 1976. எக்ஸிடி அதே அடிப்படையில ஒரு மாற்றம் செஞ்சாங்க. இடிக்க வேண்டியது இப்ப கார் இல்லை, ரெண்டு கால்ல ஓடுற குச்சி உருவங்கள். அது மனுஷன் இல்லை, கிரெம்ளின்னு ஒரு வகைக் குட்டிப் பிசாசுன்னு சொன்னாங்க. இடிச்சா ஒரு அலறல் சத்தம் வரும், இடிபட்ட இடத்துல ஒரு சிலுவை முளைக்கும். கேமோட பேர் ‘டெத் ரேஸ்’. செய்தி நிறுவனங்கள் எழுதினாங்க, சாலைப் பாதுகாப்பு அமைப்புகள் கண்டனம் தெரிவிச்சாங்க, டிவியில விவாதம் நடந்தது. வீடியோ கேம் வன்முறை பத்தி அமெரிக்காவில் நடந்த முதல் பெரிய சண்டைன்னு வரலாற்றாளர்கள் குறிப்பிடறது இதைத்தான். திட்டத் திட்ட மெஷின் இன்னும் வித்ததுங்கறது தனிக் கதை.

எனக்கு இதுல சுவாரசியமா பட்டது ஒண்ணு இருக்கு. ரெண்டு கேமும் கிட்டத்தட்ட ஒரே மெஷின். காரை கார் இடிச்சப்போ அது திருவிழா. எதிர்ல ரெண்டு கால் முளைச்சதும் அது தேசியப் பிரச்சினை. கார் நொறுங்கறதைப் பார்த்து நமக்குக் குற்ற உணர்ச்சி வர்றதில்லை, உள்ளே ஆள் இருக்கார்ங்கிற நினைப்பையே நாம தள்ளி வெச்சுடறோம். இந்த வகை கேம் அம்பது வருஷமா ஓடறது அந்த மறதி மேலதான்.

நடுவுல வந்த இருபது, இருபத்தஞ்சு வருஷத்தை வேகமா தாண்டிடறேன். 1995-இல் பிளேஸ்டேஷனுக்கு ‘டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பி’ங்கிற அதே பெயரில் வேறொரு கேம், பிரிட்டன்காரங்க செஞ்சது. 1997-இல் ஐல் ஆஃப் வைட் தீவிலிருந்து இயங்கிய ஸ்டெய்ன்லெஸ் நிறுவனத்தின் ‘கார்மகெடன்’. அதுல அடிபட்ட இடத்துல காரோட தகடு மடங்கும், கூடவே பாதசாரிகளையும் இடிக்கலாம். பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. பாதசாரிகளை ஸோம்பியாக்கி, ரத்தத்தைப் பச்சையாக்கி முதல்ல வித்தாங்க, மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் அசல் வடிவம் வந்தது. ஜெர்மனியில பாதசாரிகளை ரோபோ ஆக்கிட்டாங்க. 1976-இன் அதே சண்டை, பெரிய பட்ஜெட்டில். அப்புறம் 2001-இல் ‘பர்ன்அவுட்’ வரிசை. அதோட ரெண்டாவது பாகத்தில் ரேஸே இல்லாத ஒரு மோடு வந்தது. ஒரு ஜங்ஷன்ல வண்டியை விட்டு எவ்வளவு டாலருக்குச் சேதம் பண்றீங்களோ அதுதான் ஸ்கோர். இந்த கேம்கள்ல ஓடின கார்கள் கற்பனைக் கார்கள். அதனாலதான் அந்தச் சேதம் சாத்தியமாச்சு.

ஆனா இது எல்லாம் காசு கொடுத்து வாங்கற டிஸ்க். கன்சோல் வேணும், இல்லைன்னா நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வேணும். அது ரெண்டும் இல்லாதவங்களுக்கு இந்த கார்கள் எப்படி வந்து சேர்ந்தது? பிரவுசர் வழியா.

1996-இல் ஜோனதன் கே என்பவரின் சின்ன நிறுவனம் ஃபியூச்சர்ஸ்பிளாஷ்ங்கிற அனிமேஷன் மென்பொருளை வெளியிட்டது. மேக்ரோமீடியா அதை வாங்கி ஃப்ளாஷ்ன்னு பேர் மாத்தியது. படத்தைப் புள்ளி புள்ளியா சேமிக்காம, இங்கேர்ந்து அங்கே ஒரு கோடு, இந்த வளைவு, இந்த நிறம்னு கணக்கா சேமிக்கிற முறை. அதனால ஃபைல் ரொம்பச் சின்னது. டயல்-அப் காலத்துல அதுதான் உயிர். 2000-இல் ஃப்ளாஷ் 5 வந்தப்போ ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்ன்னு முறையான நிரல் மொழியும் கிடைச்சது. அனிமேஷன் செய்யற கருவி கேம் செய்யற கருவியா மாறினது அப்படித்தான். 2001-இல் மினிகிளிப் ஆரம்பிச்சாங்க. நியூகிரவுண்ட்ஸ் ஏற்கெனவே ஓடிட்டு இருந்தது.

அதே 2001-இல், அதிகம் பேசப்படாத ஒண்ணு நடந்தது. மேக்ரோமீடியாவோட இன்னொரு பிளக்-இன் ஷாக்வேவ். அதோட புதுப் பதிப்புல முப்பரிமாணம் வந்தது, கூடவே ஹேவோக் இயற்பியல் எஞ்சினும் வந்தது. ஹேவோக் டப்ளினில் ட்ரினிட்டி கல்லூரியிலிருந்து கிளம்பிய நிறுவனம், பிற்பாடு எத்தனையோ பெரிய கேம்களுக்கு உள்ளே ஓடினது. அதோட ஒரு வடிவம் 2001-லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள்ள ஓடியிருக்கு. கார் சரிவுல எகிறி, ரெண்டு குட்டிக்கரணம் போட்டு, கூரை மேல விழறதை பிரவுசர்லயே கணக்குப் போட்டுக் காட்ட முடிஞ்சது.

ஃப்ளாஷுக்கு அந்தத் திறன் கொஞ்சம் தாமதமா, வேற வழியில வந்தது. எரின் கேட்டோங்கிற நிரலாளர் 2006-இல் கேம் டெவலப்பர் மாநாட்டில் ஒரு செயல்விளக்கத்துக்காக ஒரு சின்ன இயற்பியல் எஞ்சின் எழுதினார். பேர் பாக்ஸ்2டி. பிறகு அதை இலவசமா, மூல நிரலோட வெளியிட்டார். ஆர்வலர்கள் அதை ஆக்‌ஷன்ஸ்கிரிப்டுக்கு மாத்தி எழுதினாங்க. ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ ஓடினது அதே எஞ்சின்லதான். 2010-இல் வந்த ‘ஹேப்பி வீல்ஸ்’ ஃப்ளாஷ் கேமும் அதுலதான் ஓடினது.

அதுல ஒரு வண்டி எப்படி உடையும்? ரொம்ப எளிமையான யோசனை. பாடி ஒரு துண்டு, சக்கரம் ஒரு துண்டு, பம்பர் ஒரு துண்டு. துண்டுகளுக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத மூட்டு. ஒவ்வொரு மூட்டுக்கும் இவ்வளவு விசை தாங்கும்னு ஒரு எண். மோதலில் அந்த எண்ணைத் தாண்டினா, நிரல் அந்த மூட்டை அழிச்சிடும். அவ்வளவுதான், சக்கரம் தனியா உருண்டு போகும். பக்கவாட்டுல இருந்து பார்க்கிற, மேடு பள்ளத்துல ஓடுற அத்தனை ஃப்ளாஷ் கார் கேம்களுக்கும் இந்த முறை போதுமானதா இருந்தது. ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், சில மாசம். லைசென்ஸ் வாங்க வக்கீலும் வேண்டாம், ஏன்னா காருக்குப் பேர் இல்லை.

சரி, இலவச கேம் செஞ்சவங்க எதைச் சாப்பிட்டாங்க? விளம்பரம்தான். மோச்சி மீடியான்னு ஒரு நிறுவனம், கேம் லோடு ஆகற அந்த பத்து விநாடியில விளம்பரம் காட்டற வசதியைக் கொடுத்தது. விளம்பரம் வெப்சைட்டுல இல்லை, கேம் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. அப்போ என்ன ஆகும்? யாராவது அந்த ஃபைலைத் திருடி தன்னோட சைட்டுல போட்டா, செஞ்சவருக்கு நஷ்டமில்லை. இன்னும் நாலு பேர் விளம்பரம் பார்ப்பாங்க. சினிமாக்காரங்க திருட்டு டிவிடியைத் துரத்திட்டு இருந்த அதே காலத்துல, இவங்க ‘தயவுசெஞ்சு என்னைக் காப்பி அடிங்க’ன்னு நின்னாங்க. ஒரே கார் கேம் உலகம் முழுக்க எத்தனையோ சைட்டுகள்ல கிடந்தது அதனாலதான். ஸ்கூல்ல ஒரு சைட்டை பிளாக் பண்ணா, பசங்க அடுத்த சைட்டுக்குப் போனாங்க. 2014-இல் மோச்சி மீடியா மூடப்பட்டது. அதை நம்பியிருந்த ஹை ஸ்கோர் பட்டியல்களும் போச்சு.

காப்பி அடிக்கப்பட்டதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. கார் நிஜமா நசுங்கறதுன்னா என்ன? ஒரு டிங்கரிங் கடையில பார்த்தீங்கன்னா தெரியும், முன்னாடி அடி வாங்கின வண்டிக்குப் பின் கதவு சரியா மூடாது. விசை உடம்பு முழுக்கப் பரவும். 2005 வாக்கில் ‘ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ்’ங்கிற இலவச கேம் இதைக் கணக்குப் போட ஒரு வழி காட்டியது. அதில் ஈடுபட்ட சிலர் பிறகு ஜெர்மனியின் பிரெமன் நகரில் ‘பீம்என்ஜி’யை உருவாக்கினாங்க. கயிற்றுக் கட்டிலைக் கற்பனை பண்ணிக்கோங்க. முடிச்சுகள் எல்லாம் எடையுள்ள புள்ளிகள். முடிச்சுக்கு முடிச்சு ஓடற கயிறு ஒவ்வொண்ணும் ஒரு ஸ்பிரிங். கொஞ்சம் இழுத்தா திரும்பிடும், அதிகம் இழுத்தா அப்படியே வளைஞ்சு நின்னுடும், இன்னும் இழுத்தா அறுந்திடும். கார் முழுக்க இப்படி ஒரு வலை. இதை விநாடிக்கு 2,000 தடவை கணக்குப் போடுது. அங்கேயும் கார்களுக்கு இபிஷு, கேவ்ரில், ஹிரோச்சின்னு கற்பனைக் கம்பெனிப் பெயர்கள்தான்.

இந்தக் கணக்கை இப்ப நீங்க ஆடுற சாதாரண பிரவுசர் கேம் போடறதில்லை. அது ஒரு குறுக்குவழி பிடிக்குது. மோதின இடத்தைச் சுத்தி இருக்கிற தகட்டுப் புள்ளிகளை மட்டும் வேகத்துக்கு ஏத்த மாதிரி உள்ளே தள்ளு, கதவைக் கழட்டி விடு, கொஞ்சம் புகை, கொஞ்சம் கண்ணாடித் தூள். பார்க்க நொறுங்கின மாதிரியே இருக்கும், ஆனா பின் கதவு ஜம்முன்னு மூடும். எனக்கு இதுல குறை ஒண்ணும் இல்லை. மேடை நாடகத்துல நிஜ ரத்தமா கேட்கிறோம்?

இப்ப காணாம போன கதை. இது ஒரே தடவை நடக்கலை.

ஃப்ளாஷ் மேல முதல் பெரிய அடி 2010 ஏப்ரலில் விழுந்தது. ஐபோன்ல ஏன் ஃப்ளாஷ் கிடையாதுன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையா கடிதம் எழுதினார். பாதுகாப்பு ஓட்டைகள், பேட்டரி தின்னறதுன்னு அவர் சொன்ன குறைகள்ல உண்மை இருந்தது. பிளக்-இன்கள் எல்லாமே பிரவுசருக்குப் பாரம், ஆபத்தும்கூட. 2015-இல் குரோம் பழைய வகைப் பிளக்-இன்களுக்கான கதவை மொத்தமா மூடியது. ஃப்ளாஷுக்கு மட்டும் தனி ஏற்பாடு இருந்ததால தப்பிச்சது. யூனிட்டி வெப் பிளேயர் தப்பிக்கலை. முப்பரிமாண பிரவுசர் கார் கேம்களுக்கு அப்போ முக்கியமான தளம் அதுதான். ஷாக்வேவ் 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஃப்ளாஷுக்கு அடோபி 2017-லேயே நாள் குறிச்சுட்டாங்க. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிஞ்சது, 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் தானாகவே ஓட மறுத்தது. அன்னைக்குப் பழைய சைட்டைத் திறந்தவங்களுக்கு கேம் இருந்த இடத்துல ஒரு சாம்பல் பெட்டிதான் தெரிஞ்சது.

பிளக்-இன் இல்லாம பிரவுசரே முப்பரிமாணம் வரையற வெப்ஜிஎல் 2011-லேயே வந்துடுச்சு. 2017-இல் வெப்அசெம்பிளி எல்லா முக்கிய பிரவுசரிலும் வந்து வேகத்தையும் கூட்டியது. இன்னைக்கு ஆம்ஸ்டர்டாமின் போக்கி, பெல்ஜியத்தின் கிரேஸிகேம்ஸ் மாதிரி தளங்கள்ல நீங்க ஆடற கார் கேம்கள் ஓடறது இதுலதான். கேம் வகை சாகலை. ஆனா பழைய கேம்கள் தானா இதுக்கு மாறாது, யாராவது உட்கார்ந்து திரும்ப எழுதணும். ‘ஹேப்பி வீல்ஸ்’ மாதிரி பேர் வாங்கினது மாறியது. செஞ்சவர் யாருன்னே தெரியாத, மூல ஃபைல் எந்த ஹார்டு டிஸ்க்ல செத்துக் கிடக்குன்னு தெரியாத கார் கேமை யார் எழுதுவாங்க? லைசென்ஸ் வாங்கத் தேவையில்லாததால பிறந்த கேம், தேடி வர்றதுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லாம நின்னது.

தேடி வந்தது வேற ஆட்கள். ஃப்ளாஷ்பாயிண்ட்ங்கிற தன்னார்வலர் திட்டம், அடோபி நாள் குறிச்ச பிறகு தொடங்கினது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்களையும் அனிமேஷன்களையும் சேகரிச்சிருக்காங்க, முழுத் தொகுப்பும் 1 டெராபைட்டைத் தாண்டும். ஷாக்வேவ், யூனிட்டி வெப் பிளேயர் கேம்களும் அதுல உண்டு. ஃபைலைச் சேமிச்சா மட்டும் போதாது. பல கேம்கள் ‘நான் எந்த சைட்டுல ஓடறேன்’னு சோதிச்சுப் பார்க்கும், வேற இடம்னா ஓடாது. அதனால அவங்க உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி இணையத்தை நடத்தறாங்க. கேம் தன்னோட பழைய சைட்டைக் கூப்பிடும், பதில் உங்க ஹார்டு டிஸ்க்ல இருந்து போகும்.

இன்னொரு வழி ரஃபிள். ஃப்ளாஷ் ஃபைலை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டற எமுலேட்டர். 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இதை வெச்சுத்தான் ஃப்ளாஷ் தொகுப்பு ஒண்ணைத் திறந்தது. ஆனா நம்ம கார்களுக்கு ஒரு சிக்கல். ரஃபிள் முதல்ல நல்லா புரிஞ்சுக்கிட்டது பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்டைத்தான். 2006-இல் வந்த மூணாவது பதிப்புக்கான ஆதரவு மெதுவா, வருஷக்கணக்கில் வளர்ந்தது. மூட்டு உடையற அந்த இயற்பியல் கேம்கள் அந்த மூணாவது பதிப்புலதான் அதிகம். கார்ட்டூன்களும் எளிய கேம்களும் முதல்ல உயிர் பெற்றது, மோதல் கேம்கள் வரிசையில பின்னாடி நின்னது.

இவங்களுக்கு ஃபைல்கள் எங்கே கிடைச்சது? பெரும்பாலும் அந்தக் காப்பி அடிச்ச சைட்டுகள்ல. அசல் சைட் மூடி வருஷங்கள் ஆன கேமுக்கு, ஏதோ ஒரு நாட்டுல யாரோ விளம்பரக் காசுக்காகப் போட்ட காப்பி மிஞ்சியிருக்கும். நாலு இடத்துல கிடந்தது தப்பிச்சது, ஒரே இடத்துல பத்திரமா பூட்டி வெச்சது போச்சு. சர்வர் இருந்தாதான் ஓடும்னு செஞ்ச மல்டிபிளேயர் கார் கேம்களுக்கு இந்த வழியும் கிடையாது. ஃபைல் கைக்கு வரும், ரேஸ் லாபி திறக்கும், எதிர்ல ஓட்ட ஆள் வராது.

உங்க ஞாபகத்துல அப்படி ஒரு கேம் இருந்தா, பேர் தெரியலைன்னாலும் தேடலாம். காரோட நிறம், பின்னணியில பாலைவனமா நகரமா, லோடு ஆகும்போது எந்த லோகோ வந்தது, எந்த வருஷம் வாக்கில் ஆடினீங்க, இது போதும். இப்படி அரைகுறை ஞாபகத்தை வெச்சு கேம் கண்டுபிடிச்சுத் தர்றதையே பொழுதுபோக்கா வெச்சிருக்கிறவங்க இணையத்துல நிறைய பேர் இருக்காங்க. உங்க கிட்ட பழைய பென் டிரைவோ சிடியோ இருந்தா, அதுல எஸ்.டபிள்யூ.எஃப்-ன்னு முடியற ஃபைல் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இருந்தா ஃப்ளாஷ்பாயிண்ட் பட்டியல்ல அந்த கேம் இருக்கான்னு தேடிட்டு, இல்லைன்னா அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.